சூட்டிகை வீடும் அந்தரங்க உரிமையும்

‘வீடு’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. மனிதன் குடியிருக்கும் இல்லம் ஒன்று. விடுதலை என்பது மற்றொன்று. ‘விடு’ என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் இது என்பர். தெருவில் நடக்கும்போதும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் நாம் ஒருவகைக் கட்டுக்குள் இருக்கிறோம். வாயிற்படியைத் தாண்டி உள்ளே வந்ததும் அந்தக் கட்டு அவிழ்கிறது. சட்டையைக் கழற்றிப் போடுகிறோம், வாய்விட்டுப் பாடுகிறோம், அழ வேண்டுமானால் அழுகிறோம். யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையே வீட்டை வீடாக்குகிறது.

அந்த நம்பிக்கைக்கு இன்று ஒரு சோதனை வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்மார்ட் ஹோம்’ என்கிறார்களே, அதைத் தமிழில் சூட்டிகை வீடு எனலாம். விளக்கு, பூட்டு, தொலைக்காட்சி, காமிரா, மின்சார மீட்டர் ஆகியவை சுற்றுப்புறத்தை உணர்ந்து, உணர்ந்ததை இணையத்தின் வழியே வேறோர் இடத்திற்கு அனுப்புமானால் அந்த வீடு சூட்டிகை வீடு. அது சொன்ன பேச்சைக் கேட்கிறது. இல்லாத நேரத்தில் வீட்டைக் காக்கிறது. ஆனால், அது காண்பதும் கேட்பதும் யாருக்குப் போய்ச் சேருகின்றன? அதற்குச் சம்மதம் கொடுத்தவர் யார்? இந்த இரண்டு கேள்விகளே இக்கட்டுரையின் பொருள்.

நான் மின்னணுவியல் பயிலும் முதுகலை மாணவன். நம் சங்கத்தைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி ஒருவர் சூட்டிகை வீடுகளில் அந்தரங்க உரிமையையும் அறத்தையும் பற்றி டாக்டர் பட்டத்திற்காக ஆராய்ந்து வருகிறார். அவரிடமிருந்து நான் கற்றதையும், கற்பதற்கு முன்பு நானே செய்த ஒரு பிழையையும் நண்பர்கள்முன் வைக்கிறேன்.

மீட்டர் சொல்லும் கதை

சூட்டிகை வீடு என்றதும் பேசும் ஒலிபெருக்கியும் காமிராவுமே நம் நினைவுக்கு வரும். அவை வசதியுள்ளோர் வீட்டுப் பொருள்கள். மாளிகை, குடிசை என்ற வேறுபாடின்றி நுழையக்கூடிய கருவி ஒன்று உண்டு. அதுவே ஸ்மார்ட் மீட்டர். 2021-இல் மத்திய அரசு தொடங்கிய மின் பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்தின்கீழ் 25 கோடி முன்கட்டண மீட்டர்களைப் பொருத்துவது குறிக்கோளாக வைக்கப்பட்டது.

பழைய மீட்டரை மாதத்திற்கொரு முறையோ இரண்டு மாதத்திற்கொரு முறையோ ஒருவர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார். அந்த ஓர் எண்ணிலிருந்து நம் வாழ்க்கையைப் பற்றி அதிகம் அறிய முடியாது. புதிய மீட்டரோ கால்மணிக்கோ அரைமணிக்கோ ஒருமுறை கணக்கைப் பதிவு செய்கிறது. இதில் என்ன தெரிந்துவிடும் என்று கேட்கலாம். சிறு கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். 2,000 வாட் கீசர் கால்மணி நேரம் ஓடினால் அரை யூனிட் செலவாகும். குளிர்பதனப் பெட்டி சராசரி 100 வாட் என்று வைத்துக்கொண்டால், அதே கால்மணியில் அதற்கு ஆவது 0.025 யூனிட். அதாவது கீசர் இருபது மடங்கு. ஆகவே, விடியற்காலை எழுந்து கீசரைப் போட்ட நேரம் அந்த வரைபடத்தில் சமவெளியில் நிற்கும் குன்றுபோலத் தெரியும். குடும்பம் எப்போது எழுகிறது, எப்போது உறங்குகிறது, எந்த நாள்களில் ஊரில் இல்லை என்பதெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

கால்மணிக்குப் பதிலாக நொடிக்கு நொடி அளந்தால் இன்னும் நுட்பமான செய்திகள் கிடைக்கும். ஒவ்வொரு மின்கருவியும் தொடங்கும்போதும் நிற்கும்போதும் தனக்கே உரிய ஓர் அடையாளத்தை மின்னோட்டத்தில் பதிக்கிறது. 1980-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஆராய்ந்த ஜார்ஜ் ஹார்ட் என்பவர், வீட்டிற்குள் காலடி வைக்காமலே, உள்ளே செல்லும் மொத்த மின்சாரத்தை மட்டும் அளந்து, எந்தெந்தக் கருவி எப்போது இயங்கியது எனப் பிரித்தறியும் முறையை வகுத்தார். மின்சாரத்தைச் சிக்கனப்படுத்த உதவும் நல்ல முறை அது. ஆனால், அவரே 1989-இல் ஒரு பொறியியல் இதழில், இம்முறை வீட்டை வேவு பார்ப்பதற்கும் பயன்படக்கூடும் என்று எச்சரித்து எழுதினார். தாம் பெற்ற பிள்ளையின் குற்றத்தைத் தாமே எடுத்துச் சொல்லும் தந்தையின் நேர்மை அது. விஞ்ஞானம் பயிலும் நாம் முதலில் கற்க வேண்டிய பாடமும் அதுவே.

இந்த எச்சரிக்கையைச் சில நாடுகள் பொருட்படுத்தின. நெதர்லாந்தில் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதாவை 2009-இல் அந்நாட்டு மேலவை அந்தரங்க உரிமையைக் காரணங்காட்டி ஏற்க மறுத்தது; பின்னர் விரும்புவோர் வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. அமெரிக்காவில் நேப்பர்வில் என்னும் நகரின் மீட்டர் வழக்கில், கால்மணிக்கொரு முறை கணக்கெடுப்பதும் வீட்டைச் சோதனையிடுவதேயாகும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2018-இல் கூறியது. அந்த வழக்கில் நகராட்சியின் நோக்கம் நியாயமானது என்று அச்சோதனையை அது அனுமதித்ததும் உண்மை. ஆயினும், சுவருக்கு வெளியே நின்று எண்களைப் படிப்பதும் உள்ளே புகுந்து பார்ப்பதற்குச் சமம் என்பது அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஒட்டிய உறையும் பேசும்

‘செய்திகளைத்தான் பூட்டி அனுப்புகிறார்களே, பிறகென்ன அச்சம்?’ என்று சிலர் கேட்பர். இணையத்தில் செல்லும் செய்தியைச் சங்கேதமாக மாற்றி அனுப்புவது இன்று பெருவழக்கு. ஆனால், தபால்காரரை எண்ணிப் பாருங்கள். அவர் உறையைப் பிரிப்பதில்லை. இருந்தாலும் எந்த வீட்டிற்கு எங்கிருந்து எத்தனை கடிதம், எப்போது வருகிறது என்பது அவருக்குத் தெரியும். அதிலிருந்தே எவ்வளவோ ஊகிக்கலாம் அல்லவா?

இதைத்தான் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2017 அளவில் சோதித்துக் காட்டினர். உறக்கத்தை அளக்கும் கருவி, காமிரா, மின்விசை, பேசும் ஒலிபெருக்கி ஆகிய நான்கை எடுத்துக்கொண்டனர். செய்தியின் உள்ளே இருப்பதைப் படிக்காமல், அது எவ்வளவு வேகத்தில், எந்த நேரத்தில் போகிறது என்பதை மட்டும் கவனித்தனர். அதிலிருந்தே ஒருவர் படுக்கைக்குப் போனதும் எழுந்ததும், காமிராமுன் அசைவு இருந்ததும், ஒலிபெருக்கியோடு பேசியதும் புலப்பட்டன. உறை ஒட்டியே இருந்தது. ஆனாலும் சேதி வெளியே வந்துவிட்டது.

கேட்கும் செவி யாருடையது?

பேசும் ஒலிபெருக்கி தன் பெயரைச் சொல்லி அழைக்கும்வரை வெளியே எதையும் அனுப்புவதில்லை என்பது அதன் அமைப்பு. ஆனால், வேறொரு சொல்லைத் தன் பெயரென்று பிழைபடக் கேட்டுவிட்டால், அழைக்காமலே பதிவு தொடங்கிவிடும். அப்படிச் சென்ற பேச்சைக் கேட்பது இயந்திரம் மட்டுமன்று. இயந்திரத்தின் செவியைத் திருத்துவதற்காக மனிதர்களும் பதிவுகளில் ஒரு பகுதியைக் கேட்கிறார்கள் என்பது 2019-இல் வெளியாயிற்று. குழந்தைகளின் குரல் பதிவுகளைக் காலவரையின்றி வைத்திருந்ததாகவும், அழிக்கும்படி பெற்றோர் கேட்டும் முழுமையாக அழிக்கவில்லை என்றும் அமெரிக்க வணிக ஆணையம் அமேசான் மீது தொடுத்த வழக்கில், அந்நிறுவனம் 2023-இல் 2.5 கோடி டாலர் தண்டம் செலுத்த உடன்பட்டது. அதே ஆண்டில், வாடிக்கையாளர் வீட்டுக் காமிராப் படங்களை ஊழியர்கள் பார்க்க இடங்கொடுத்ததாக எழுந்த வழக்கில் அதன் ‘ரிங்’ நிறுவனம் 58 இலட்சம் டாலர் கொடுக்க இசைந்தது.

இன்னொரு நிகழ்ச்சி என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. தரையைக் கூட்டும் இயந்திரங்களில் காமிரா வைத்து 2020-இல் சோதனை நடத்தினார்கள். அந்தப் படங்களில் இருப்பவை நாற்காலியா, மேசையா என்று பெயரிடும் வேலை தொலைதூர நாடுகளில் கூலிக்கு விடப்பட்டது. வெனிசுவேலாவில் அந்த வேலையைச் செய்த சிலர் படங்களைத் தம் நண்பர் குழுவில் பகிர்ந்துகொண்டனர். அவற்றில் ஒன்று கழிவறையில் இருந்த ஒரு பெண்ணின் படம். மற்றொன்று நடையில் படுத்திருந்த ஒரு சிறுவனுடையது. இச்செய்தியை 2022 டிசம்பரில் ஓர் அமெரிக்க இதழ் வெளியிட்டது. சோதனைக்கு ஒப்புக்கொண்டவர்கள் எழுத்து மூலம் சம்மதம் கொடுத்தவர்களே என்றது நிறுவனம். இருக்கலாம். ஆனால், அந்தச் சிறுவன் எதில் கையெழுத்திட்டான்?

நண்பர்களே, இங்கேதான் நம் பொருளின் உயிர்நாடி இருக்கிறது. வீட்டில் ஒருவர் கருவியை வாங்குகிறார். ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானை அமுக்குகிறார். கருவி அவரை மட்டுமா பார்க்கிறது? மனைவி, மக்கள், முதியோர், விருந்தினர், வேலைக்கு வருவோர் எல்லாரையும் பார்க்கிறது. ஒருவர் கொடுத்த சம்மதம் அத்தனை பேருக்கும் எப்படிச் சம்மதமாகும்?

நான் பொருத்திய காமிரா

இதை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. என் பெற்றோர் விழுப்புரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பிழைப்பைத் தேடி டில்லிக்கு வந்தவர்கள். என் தாயார் இருபது ஆண்டுகளாக நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கியும் தரை துடைத்தும் எங்களை ஆளாக்கினார். அந்த வீடுகளில் ஒன்றின் அம்மையார் நல்லவர். என் பள்ளிப் புத்தகங்களுக்குப் பணம் தந்தவர். கணவரும் மனைவியும் அலுவலகம் போய்விட, வீட்டில் வயதான மாமியாரும் கைக்குழந்தையும் இருந்தனர். ‘உன் மகன் இதெல்லாம் படிக்கிறானே; ஒரு காமிரா வாங்கியிருக்கிறோம், வந்து பொருத்தித் தரச் சொல்’ என்று அம்மையார் கேட்டார். நான் மிகுந்த பெருமையோடு போனேன்.

சமையலறையும் கூடமும் ஒருங்கே தெரியும்படி மூலையில் உயரமாகப் பொருத்தினேன். நான் ஏறி நின்ற முக்காலியை ஆடாமல் பிடித்துக்கொண்டு நின்றவர் என் தாயார். கைப்பேசியில் நிபந்தனைகள் வரிசையாக வந்தன. அம்மையார் தலையசைக்க, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை நானே அமுக்கினேன். 500 ரூபாய் கிடைத்தது. அன்று மாலை வீட்டில் எல்லாரும் பாராட்டினார்கள்.

இரண்டு வாரம் சென்றது. ஒருநாள் மதியம் வேலை முடிந்து, என் தாயார் வழக்கம்போல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கொண்டு போயிருந்த சோற்றைப் பிரித்தார். ‘ஏன் உட்கார்ந்துவிட்டாய்? உடம்பு சரியில்லையா?’ என்று மேலேயிருந்து இந்தியில் ஒரு குரல் வந்தது. காமிராவில் ஒலிபெருக்கியும் இருந்தது. அம்மையார் அலுவலகத்திலிருந்து பேசினார். அது பரிவா, கண்டிப்பா என்று என் தாயாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. கையிலிருந்த உருண்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். அதன்பிறகு அந்த வீட்டில் அவர் உட்காரவேயில்லை. மாடிப்படிக்குப் போய் அங்கே வைத்துச் சாப்பிடத் தொடங்கினார். இதையெல்லாம் அவர் என்னிடம் சொல்லவுமில்லை. ‘நீ மாட்டினது, உன்கிட்ட எப்படிடா சொல்றது?’ என்றார், பல மாதங்கள் கழித்து.

ஆராய்ச்சியாளர் கேட்ட சம்மதம்

அந்தப் பல மாதங்கள் கழிந்த நாள் எதுவென்றால், நம் சங்கத்து ஆராய்ச்சி மாணவி எங்கள் வீட்டிற்கு வந்த ஞாயிற்றுக்கிழமை. காமிரா உள்ள வீடுகளில் வேலை செய்வோரைக் கண்டு பேசுவது அவர் ஆராய்ச்சியின் ஒரு பகுதி. வந்தவர் கேள்வி கேட்கத் தொடங்கவில்லை. முதலில் ஒரு தாளை எடுத்துத் தமிழில் நிறுத்தி நிறுத்திப் படித்தார். எதற்காகக் கேட்கிறேன், சொல்வதை எங்கே வைப்பேன், யார் பார்ப்பார்கள், உங்கள் பெயர் எங்கும் வராது, பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டாம், நடுவில் எப்போது வேண்டுமானாலும் போதும் என்று சொல்லிவிடலாம், அதனால் உங்களுக்கு ஒரு குறையும் வராது என்று விளக்கினார். பிறகு, ‘சம்மதமா அம்மா?’ என்று கேட்டார்.

என் தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, ‘இருபது வருசமா எத்தனையோ வீட்டுல வேலை செய்யறேன் கண்ணு. சம்மதமான்னு ஒருத்தரும் என்னைக் கேட்டதில்ல’ என்றார். அதற்குப் பிறகுதான் முக்காலியும் குரலும் மாடிப்படியும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் தலை நிமிரவில்லை.

மனிதரை ஆராய்வோர் கைக்கொள்ளவேண்டிய அறங்களை 1979-இல் அமெரிக்காவில் வெளியான பெல்மான்ட் அறிக்கை மூன்றாக வகுத்தது. மனிதரை மதித்தல், நன்மை நாடித் தீமை தவிர்த்தல், நீதி என்பன அவை. எங்கள் காமிராவை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தேன். கேளாமல் பொருத்தியதால் முதல் அறம் பிழைத்தது. ஒருவேளைச் சோறு மாடிப்படிக்குப் போனதால் இரண்டாவது பிழைத்தது. காவல் ஒருவருக்கும் கண்காணிப்பு மற்றொருவருக்கும் ஆனதால் மூன்றாவதும் பிழைத்தது. ஒரு மணி நேரம் பேசுவதற்கு ஆராய்ச்சியாளர் இத்தனை அறங்களைப் பேண வேண்டியிருக்கிறது. ஆண்டு முழுதும் பார்த்துக்கொண்டிருக்கும் கருவிக்கு இவற்றில் ஒன்றும் வேண்டாவா?

பெயரை மறைக்கும் முறை புதியதும் அன்று. அகத்திணை ஒழுக்கத்தைப் பாடும்போது ஒருவரையும் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. தலைவன், தலைவி, தோழி என்றுதான் வருவரேயன்றி, இன்னார் மகள் என்று வருவதில்லை. உள்ளத்துச் செய்தியை ஊரறியப் பாடலாம். ஆனால் உரியவரை ஊரறியக் காட்டலாகாது. இக்கட்டுரையில் நான் யார் பெயரையும் சொல்லாததற்கும் அதுவே காரணம்.

ஹெலன் நிசென்பாம் என்னும் அறிஞர் 2004-இல் ஒரு கொள்கையை வெளியிட்டார். ஒரு செய்தி இரகசியமா, பகிரங்கமா என்று மட்டும் கேட்பது போதாது; அது பிறந்த சூழலுக்கு ஏற்ற வழியில் செல்கிறதா என்று கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். நோயை வைத்தியரிடம் சொல்வது முறை. வைத்தியர் அதை நம் முதலாளியிடம் சொல்வது முறையன்று. வீட்டிலிருக்கும் பாட்டி, வேலைக்கு வந்தவர் உட்கார்ந்து உண்பதைக் காண்பது இயல்பு. அவருக்கு இவர் முகம் தெரியும். இவருக்கும் அவர் முகம் தெரியும். அதே காட்சி எங்கோ இருக்கும் கைப்பேசிக்குப் போகும்போது பார்ப்பவர் முகம் மறைந்துவிடுகிறது. காட்சி ஒன்றே, வழி மாறியதால் அறமும் மாறிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்க உரிமை அரசியலமைப்பின்படி அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதைத் தொடர்ந்து 2023-இல் தனிநபர் மின்தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால், தனி மனிதர் ஒருவர் தம் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தகவலுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அதன் மூன்றாம் பிரிவு விலக்களிக்கிறது. நம் குடும்பப் புகைப்படங்களுக்கு அரசாங்கத்திடம் கணக்குக் காட்ட வேண்டியதில்லை என்ற அளவில் இது நியாயமானதே. ஆனால், சமையலறையில் வேலை செய்பவரைப் பார்ப்பது வீட்டுத் தேவையா, வேலை கொடுப்பவரின் கண்காணிப்பா? ஒருவருக்கு வீடாக இருப்பது மற்றவருக்குத் தொழிற்கூடமாக இருக்கிறதே!

ஐரோப்பாவில் இதையொத்த கேள்வி எழுந்தது. செக் நாட்டில் ஜன்னல்களைச் சிலர் உடைத்ததால் ஒருவர் தம் வீட்டில் காமிரா வைத்தார். அது பொதுப் பாதையையும் எதிர்வீட்டு வாயிலையும் சேர்த்துப் பதிந்தது. இதை வெறும் வீட்டுச் செயலென்று கொள்ள முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்புக் கூறியது. வாயிலுக்கு வெளியே நடப்பவருக்கு அங்கே வழி பிறந்தது. வாயிலுக்கு உள்ளே வேலை செய்பவருக்கும் நம் நாட்டில் ஒரு வழி பிறக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

காமிராவே வேண்டாம் என்று நான் கூறவில்லை. கைக்குழந்தையைப் பிரிந்து வேலைக்குப் போகும் தாயின் அச்சமும் உண்மையானதே. ஆகவே, எளிய சில நெறிகளைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, கருவி எதுவாயினும் அந்த வீட்டில் புழங்கும் ஒவ்வொருவருக்கும், அவரவர் மொழியில், அது எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, யார் பார்ப்பார் என்று சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, மனிதர் உண்ணும் இடத்தையும் உறங்கும் இடத்தையும் உடைமாற்றும் இடத்தையும் காமிரா நோக்கக்கூடாது; வாயிலைக் காத்தாலே பெரும்பாலும் போதும். மூன்றாவது, பதிவுகளைக் குறித்த நாளுக்குமேல் வைக்காமல் அழித்துவிட வேண்டும். நான்காவது, நாளை இக்கருவிகளை அமைக்கப்போகும் நம்மவர்க்கு உரியது. தேவைக்குமேல் ஒன்றும் சேகரிக்காதீர்கள்; கணக்கைக் கருவிக்குள்ளேயே போட்டு, விடையை மட்டும் அனுப்பச் செய்யுங்கள்; கண்ணை மூடும் மூடியை எல்லார் கைக்கும் எட்டுமாறு வையுங்கள்.

நான் அந்த அம்மையாரைப் போய்க் கண்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் திகைத்துப் போனார். உடம்புக்கு என்னவோ என்றுதான் கேட்டேன் என்றார். அன்றே காமிராவை வாசற்கதவை நோக்கித் திருப்பி வைத்தேன். இம்முறையும் முக்காலியைப் பிடித்தவர் என் தாயாரே. ஏறுவதற்குமுன், ‘இப்படி வைக்கட்டுமா அம்மா?’ என்று கேட்டேன். ‘வையி’ என்றார்.

ஆனாலும் அவர் இன்றும் மாடிப்படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். ‘பழகிப்போச்சுடா’ என்கிறார். கருவியைத் திருப்ப ஐந்து நிமிடம் போதும். ஒருவர் இழந்த இடத்தைத் திருப்பித்தர அது போதாது. பொருத்துவதற்கு முன்பே கேட்கும் பழக்கத்தை நாம் கற்போமாக.